அப்பா கடை ஈயும் மைசூர் ஈயும் சேர்ந்தால் ஏன் புழு வரவில்லை?

வியாசர்பாடிப் பெண் | மே 4, இரவு 10.40

வணக்கம். விலங்கியல் இளநிலை இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். வீடு வியாசர்பாடியில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. அதில் நாங்கள் நான்கு பேர், இப்போது கூடவே ஓர் இருநூறு பழ ஈக்கள்.

மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்காக பழ ஈக்களை வைத்து அமெரிக்க விஞ்ஞானி மார்கன் செய்த வெள்ளைக் கண் பரிசோதனையை என் கையால் ஒருமுறை செய்து பார்க்க ஆசை. பாடப் புத்தகத்தில் அது அரைப் பக்கம். 1910இல் ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈ கிடைத்தது, சிவப்புக் கண் பெண்ணோடு சேர்த்தார், பேரன்களில் பாதிப் பேருக்கு மட்டும் வெள்ளைக் கண் வந்தது, எனவே அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் வினா. நானும் எழுதி ஐந்தும் வாங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பேரன்களில் ஒருவனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் மேடம், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் டிரோசோபிலா (பழ ஈ) சேமிப்பு மையத்திலிருந்து வந்த வெள்ளைக் கண் ஈக்களில் ஒரு பாட்டில் கொடுத்தார். சிவப்புக் கண் ஈக்காக நான் எங்கும் அலையவில்லை. அப்பா எம்.கே.பி. நகரில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். வண்டிக்கு அடியில் அன்னாசித் தோல் போடும் வாளியின் மேல் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துத் தட்டினால் ஐம்பது ஈ வரும்.

உணவு மேடம் சொன்ன அளவில்தான் காய்ச்சினேன்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம், ஆறவைத்துப் பூஞ்சை வராமலிருக்கப் புரோப்பியானிக் அமிலம் 7.5 மில்லி. பாட்டில்கள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், வாயில் பஞ்சு.

வெள்ளைக் கண் கன்னிப் பெண்கள் ஐந்து, கடை ஆண்கள் எட்டு என்று மூன்று பாட்டில் வைத்தேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. முட்டை இட்டிருக்கின்றன, லென்ஸில் தெரிகிறது. ஆனால் ஒரு புழுகூட வரவில்லை. மைசூர் ஈக்களை அவற்றின் இனத்தோடே விட்ட பாட்டிலில் வெறும் ஏழு ஈ. கடை ஈக்களைத் தனியாக விட்ட பாட்டில் மட்டும் பொங்கி வழிகிறது.

நான் எங்கே தவறினேன்? இந்தப் பிராணியே வேண்டாமென்று உருண்டைப் புழு, தண்ணீர்த் தெள்ளு, கொசு எதற்காவது மாறிவிடலாமா? "ஊரே ஈயை விரட்டுகிறது, இவள் ரவை காய்ச்சிப் போட்டு வளர்க்கிறாள்" என்று அம்மா தினமும் ஒருமுறையாவது சொல்கிறார்.


போட்டித் தேர்வுத் தோழன் | மே 4, இரவு 11.15

கல்லூரி ஏ.சி. அறையில் வைத்து வளர்க்க வேண்டியதுதானே. வீட்டில் ஏன் இந்தச் சிரமம்?


வியாசர்பாடிப் பெண் | மே 4, இரவு 11.22

விடுமுறை. அறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டுக் கேட்டு நான்கு பேரைப் பார்த்தாயிற்று.


கொளத்தூர் மீன்தொட்டி | மே 5, காலை 6.10

தங்கச்சி, ஈயை விடு. மொய்னாவுக்கு வா. குளத்துத் தண்ணீரில் நீந்தும் பொடிப் பிராணி, நீ தண்ணீர்த் தெள்ளு என்று எழுதியிருப்பதன் சொந்தக்காரன்தான். நாங்கள் பதினெட்டு வருடமாக மீன் குஞ்சுக்கு இதைத்தான் போடுகிறோம். கடலைப் பிண்ணாக்கும் சாணியும் கரைத்துவிட்ட சிமென்ட் தொட்டி, நல்ல வெயில், அவ்வளவுதான் வேண்டும். உன் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலைப் பார்த்து அது பயப்படாது. நாலைந்து நாளில் குட்டி போட ஆரம்பித்துவிடும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நீ மரபணு என்றதால் ஒன்று சொல்கிறேன். தொட்டி செழிப்பாக இருக்கும்வரை அத்தனையும் பெண்தான். ஆணே இல்லாமல் தாய் மகளைப் பெறும், மகள் பேத்தியைப் பெறும். கூட்டம் நெரிந்து தீனி குறைந்தால்தான் ஆண் தலைகாட்டும். அதன் பிறகு முதுகில் கறுப்பாகச் சேணம் கட்டியதுபோல் ஒரு முட்டை வைக்கும். அந்த முட்டை காய்ந்த தொட்டியின் மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து, மழை விழுந்தால் பொரிக்கும். தொட்டி காலி என்று நினைத்துக் கழுவி ஊற்றியவன் ஏமாந்தான்.

ஒரு தாயைப் பிடித்து ஒரு டம்ளரில் விட்டால் அதன் வம்சம் முழுக்க ஒரே அச்சு. அதில் பாதியைக் காற்றுக்குமிழ் விடும் தொட்டியிலும் பாதியைக் கலங்கி நாறும் தொட்டியிலும் விடு. நாறும் தொட்டியில் இருப்பது சில நாளில் ரோஜா நிறமாகிவிடும். காற்றில்லாத தண்ணீரில் மூச்சுவிட ரத்தச் சிவப்பை அதிகம் தயாரிக்கிறது என்று மீன்வளக் கல்லூரிப் பையன் ஒருவன் விளக்கினான். மரபணு அதேதான், சில வேலை செய்கின்றன, சில தூங்குகின்றன. இதை எழுதினால் உனக்கு மதிப்பெண் கிடைக்காதா?

ஒரு பை நிறைய மொய்னா இலவசமாகத் தருகிறேன். வந்து வாங்கிக்கொள்.


வியாசர்பாடிப் பெண் | மே 5, காலை 7.30

அண்ணா, மிக்க நன்றி. சிவப்பு மொய்னா விஷயம் ஆசையைக் கிளப்புகிறது. ஆனால் ஈ ஏன் தோற்றது என்று தெரியாமல் விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.


பாட்டில் கழுவியவன் | மே 5, பிற்பகல் 3.05

அம்மா, தூக்கம் வராது என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் இந்தச் சின்ன எழுத்துகளை என் கண்ணாடியில் படித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் பட்டம் வாங்கியவன் அல்ல. வடசென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. அந்த முப்பத்து நான்கு வருடத்தில் ஈயைப் பார்க்காமலே ஈயைப் பற்றிப் பதிவேடு எழுதிய மாணவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். 3:1 வர வேண்டுமென்றால் 75, 25 என்று எழுதிவிடுவார்கள். எந்த ஈயும் அவ்வளவு கணக்காகப் பிறந்து நான் கண்டதில்லை.

உங்கள் சமையலில் பிழையில்லை. அதே உணவில் கடை ஈ பொங்கி வழிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மைசூர் ஈ தன் இனத்தோடு இருந்தும் ஏழுதான் வந்தது என்பதற்கு வெயில் காரணம். அது 25 டிகிரியில் வளரப் பழகிய ஈ. 30ஐத் தாண்டினால் ஆணின் விந்து சரியாக உருவாகாது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், சிறகை அதிர்த்துப் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும், பலன் மட்டும் இருக்காது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மே மாதம் குளிர்சாதனம் பழுதாகி, ஆறு வகை ஈக்கள் வம்சமற்றுப் போயின. அன்று அழுத ஆராய்ச்சி மாணவியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் கலப்புப் பாட்டிலுக்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. அங்கே ஆண்கள் எல்லாம் கடை ஈக்கள். அவை தங்கள் பாட்டிலில் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளுகின்றனவே.

எனவே இரண்டு கேள்வி. முதலாவது, பொரிக்காத அந்த முட்டைகள் பழுப்பாகிவிட்டனவா, வெள்ளையாகவே கிடக்கின்றனவா? இரண்டாவது, கடை ஆண் ஈயின் வால் நுனி என்ன நிறம்? ஈயை மயக்க ஈதரைத் தொட வேண்டாம். ஒரு மாணவன் ஈதர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்கப் போனான், தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். அவன் இப்போது பெரிய பதவியில் இருக்கிறான். தட்டில் ஐஸைப் பரப்பி அதன்மேல் ஒரு கண்ணாடி மூடியில் ஈயைக் கொட்டுங்கள். அரை நிமிடத்தில் கால் மடக்கிப் படுத்துவிடும். அப்போது பாருங்கள்.


வியாசர்பாடிப் பெண் | மே 5, இரவு 9.50

ஐயா, பக்கத்து வீட்டு அத்தை காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து விற்பவர். அவர் கூடையிலிருந்த ஐஸை வாங்கிப் பார்த்தேன்.

முட்டைகள் வெள்ளையாகவே இருக்கின்றன. மைசூர் ஆண் ஈயின் வால் நுனி மையில் தோய்த்தது போலக் கறுப்பு. கடை ஆண் ஈக்களில் பதினொன்று பார்த்தேன், ஒன்றில்கூட அந்தக் கறுப்பு இல்லை. வெளிர்ப் பழுப்பு. மொத்த உடம்பே கொஞ்சம் வெளிறியிருக்கிறது. இத்தனை நாளும் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்! அப்படியானால் எப்படி ஆணைப் பிரித்தேன் என்று கேட்பீர்கள். சின்னதாக இருந்ததையெல்லாம் ஆண் என்று எடுத்தேன்.


பாட்டில் கழுவியவன் | மே 6, காலை 10.20

நினைத்தேன். வெள்ளையாகவே கிடக்கும் முட்டையில் கரு ஏறவே இல்லை. கரு ஏறிச் செத்த முட்டையாக இருந்தால் பழுப்பேறியிருக்கும்.

அம்மா, உங்கள் அப்பா வண்டியில் இருப்பது பாடப் புத்தகத்து ஈ அல்ல. மைசூர் ஈயின் பெயர் டிரோசோபிலா மெலனோகாஸ்டர். மெலனோகாஸ்டர் என்றால் கறுத்த வயிறு, பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. நீங்கள் பிடித்தது பெரும்பாலும் டிரோசோபிலா அனனாசே. அனனாஸ் என்றால் நம் அன்னாசிதான். அன்னாசித் தோல் வாளியில் பிடித்துவிட்டு யாரென்று கேட்கிறீர்கள்! நம் ஊர்ச் சந்தையிலும் சமையலறையிலும் திரிவதில் இந்த இனம் நிறைய உண்டு. வெப்ப நாட்டு ஈ, வெயில் அதற்குப் பொருட்டில்லை. உறுதி செய்ய முன்காலைப் பாருங்கள். கறுத்த வயிற்று ஆணுக்கு முன்காலில் ஒரே ஒரு கறுப்புச் சீப்பு இருக்கும், பத்துப் பல் வரும். அனனாசே ஆணுக்குக் குறுக்கு வரிசையாகப் பல சிறு சீப்புகள் இருக்கும். கல்லூரி திறந்ததும் நல்ல நுண்நோக்கியில் பாருங்கள்.

இரண்டும் வேறு வேறு இனம். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றாகத் தெரியும், ஆனால் கலந்து பிள்ளை பெறாது. இனம் என்றால் என்ன என்று உங்களுக்குப் பரிணாமப் பாடத்தில் ஒரு வரையறை கொடுத்திருப்பார்கள். அதை நீங்கள் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் செய்து காட்டியிருக்கிறீர்கள். அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள், அதுவே ஓர் அத்தியாயம்.

இந்த அன்னாசி ஈயை இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். கறுத்த வயிற்று ஈயில் பெண்ணுக்குத்தான் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வது) நடக்கும், ஆணில் நடக்காது. அனனாசேயில் ஆணிலும் நடக்கும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்த ஈயை வைத்தே பல பத்தாண்டுகளாக மரபியல் ஆய்வு நடந்திருக்கிறது.

இனி மார்கன் பரிசோதனைக்கு வழி. மேடத்திடம் ஆரிகான் வகைச் சிவப்புக் கண் ஈ கேளுங்கள், அதுவும் கறுத்த வயிறுதான். குளிர்ச்சிக்குப் பானைக்குள் பானை வைத்து ஈர மணல் போடச் சொல்லி யாராவது வருவார்கள். மதுரையில் பலிக்கும், இங்கே பலிக்காது. மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் காற்றில் ஈரம் ஏறிவிடும், பானை குளிராது. உங்கள் அத்தையிடமே மீன் வரும் தெர்மாகோல் பெட்டி இருக்கும். அதில் தண்ணீர் உறைந்த பாட்டில் ஒன்று, ஈ பாட்டில்கள், ஒரு தெர்மாமீட்டர். காலை ஒன்று, மாலை ஒன்று என உறைந்த பாட்டிலை மாற்றுங்கள். ஈ பாட்டிலுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு அட்டை வேண்டும், இல்லையென்றால் விறைத்துவிடும். 25இல் முட்டையிலிருந்து ஈயாகப் பத்து நாள்.

இடம் போதாது என்று நினைக்க வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கனின் ஈ அறை பதினாறு அடிக்கு இருபத்து மூன்று அடி. அதில் எட்டு மேசை, பால் பாட்டில்கள், வாழைப்பழ வாடை. ஸ்டர்ட்டிவண்ட் என்ற பையன் பட்டப் படிப்பு மாணவனாக அங்கே வந்தவன்தான். ஒரு ராத்திரி வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு, எக்ஸ் குரோமோசோமில் எந்த மரபணு எதற்குப் பக்கத்தில் என்று வரிசைப்படுத்திக் கோடு போட்டான். 1913இல் அச்சானது. உலகத்தின் முதல் மரபணு வரைபடம் அதுதான்.

பெட்டி தயாராகும்வரை கை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் ஏதாவது கழுவாமல் கிடந்தால், அடி வண்டலில் நெளியும் சிவப்புப் புழுக்களைப் பாருங்கள். ரத்தப் புழு. மீன் கடையிலும் கிடைக்கும். கடிக்காத கொசு போன்ற ஒரு பூச்சியின் பிள்ளை அது, பெயர் கைரோனோமஸ். நன்கு வளர்ந்த புழு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீரில் வையுங்கள். ஓர் ஊசியால் உடம்பை அழுத்திப் பிடித்து, இன்னோர் ஊசியால் தலையை மெதுவாக இழுங்கள். தலையோடு குடல் வரும், கொழுப்பு வரும், கூடவே கண்ணாடி போன்ற இரண்டு சின்னப் பை வரும். உமிழ்நீர்ச் சுரப்பி அதுதான். மற்றதை விலக்கிவிட்டு அதன்மேல் அசிட்டோ ஆர்சின் சாயம் ஒரு சொட்டு. பத்து நிமிடம் பொறுத்து மூடு கண்ணாடி வைத்து, வடிதாளை மடித்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எல்லாம் கிழிந்து நூலாகும். நான் ஐம்பதாவது தடவைதான் ஒழுங்காகச் செய்தேன்.

சரியாக வந்தால் தடித்த கயிறு போல நான்கு குரோமோசோம், அவற்றில் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாக, சுங்குடிப் புடவைக் கரை மாதிரி தெரியும். ஆயிரக்கணக்கான இழைகள் பிரியாமல் ஒட்டி நிற்பதால்தான் அந்தத் தடிப்பு. பால்பியானி என்ற பிரெஞ்சுக்காரர் 1881இலேயே இந்தப் புழுவில் பார்த்துவிட்டார், இன்னதென்று யாருக்கும் புரியவில்லை. 1933க்குப் பிறகுதான் அவை குரோமோசோம் என்பது நிலைபெற்றது. நடுவே ஓரிடத்தில் பஞ்சு போல உப்பியிருக்கும். அந்த இடத்து மரபணு அப்போது வேலை செய்கிறது. திசுவுக்குத் திசு அந்த உப்பல் இடம் மாறுவதை 1952இல் பீர்மன் இதே வகைப் புழுவில் காட்டினார். சில புழுக்களில் ஓரிடத்தில் வரிகள் சுழித்து வளையம் போட்டிருக்கும். தாய் வழி வந்த துண்டும் தகப்பன் வழி வந்த துண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருந்தால், ஒட்டுவதற்கு அப்படித்தான் சுழிக்க வேண்டும். ஒரே டிரம்மில் எத்தனை புழுவுக்குச் சுழி இருக்கிறது என்று எண்ணினால் பரிணாமத்தை எண்ணுகிறீர்கள் என்று பொருள். அன்னாசி ஈயிலும் அப்படி மூன்று தலைகீழ்த் திருப்பங்கள் உலகம் முழுக்கக் காணப்படுகின்றன.

நீளமாகிவிட்டது. வீட்டில் கஞ்சி ஆறுகிறது.


கொளத்தூர் மீன்தொட்டி | மே 6, காலை 11.00

ஐயா சொன்ன ரத்தப் புழுவில் ஒரு எச்சரிக்கை. காய வைத்த புழுத் தூளைத் தினமும் கையாண்டு எனக்குக் கண் அரிப்பும் தும்மலும் வந்தது. சிலருக்கு ஒவ்வாமை. உயிருள்ளதையே எடு, கையுறை போட்டுக்கொள்.


திருவொற்றியூர்ப் புழுக்காரன் | மே 6, இரவு 8.45

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன், இப்போது வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் சி. எலிகன்ஸ் புழுவோடு குப்பை கொட்டுகிறேன். தங்கை கேட்டதால் நேரடியாகச் சொல்கிறேன்: அந்தப் புழு உங்கள் கூரைக்கு ஒத்துவராது. அதற்கு 20 டிகிரி வேண்டும், 25ஐத் தாண்டினால் முட்டை குறைந்துகொண்டே போகும். ஆசை விடவில்லையென்றால் அதன் பங்காளி சி. பிரிக்சே இருக்கிறது, சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும். 2003இல் அதன் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது பயன்படுத்திய வகை ஆமதாபாத்தில் எடுத்தது. அழுகிய பழத்தை அகர் தட்டில் வைத்துக் காத்திருந்தால், உருண்டைப் புழுக்கள் எப்படியும் ஊர்ந்து வரும். எந்த இனம் என்று சொல்வதுதான் பெரும்பாடு.

என் புழுவின் அருமை வேறு. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி உடம்பு, வளர்ந்த இருபால் புழுவில் (ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில்) இனப்பெருக்க உயிரணு நீங்கலாக 959 உயிரணு, அதில் 302 நரம்பு. எல்லா இருபால் புழுவிலும் இதே எண்ணிக்கை. முட்டையிலிருந்து ஒவ்வோர் உயிரணுவும் எதிலிருந்து பிரிந்தது என்பதை ஜான் சல்ஸ்டன் நுண்நோக்கியின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து கையால் வரைந்தே கண்டுபிடித்தார். வளரும் வழியில் 131 உயிரணுக்கள் குறித்த நேரத்தில் தாமே செத்துப் போகின்றன. உறுப்புகள் உருவாவதையும் இந்தச் சாவையும் மரபணுக்கள் எப்படி நடத்துகின்றன என்று கண்டறிந்ததற்குத்தான் 2002இல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் நோபல். நம் உடம்பிலும் அதே குடும்பத்து மரபணுக்கள் உண்டு.

கொசு என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நம் பக்கத்து மேல்தொட்டிகளில் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சைதான் நகரத்து மலேரியாவின் வாகனம். மாநகராட்சி ஆள் டார்ச் அடித்துப் பார்த்தால் புராஜெக்ட் என்று சொல்லித் தப்ப முடியாது.

பெரியவரே, சுங்குடிக் கரை என்ற உவமையை நான் திருடிக்கொள்ளப் போகிறேன்.


வியாசர்பாடிப் பெண் | ஜூன் 5, இரவு 10.05

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதம் எழுதவில்லை, மன்னிக்கவும்.

அத்தை கொடுத்த பெட்டியில் மீன் வாடை போகவே இல்லை. ஈக்களுக்கு அது பிரச்சினையாகத் தெரியவில்லை, எனக்குத்தான். உறைந்த பாட்டிலை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க விட்டார்கள், பதிலுக்கு அப்பா வாரம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுக்கிறார். பெட்டிக்குள் 25இலிருந்து 27. அறைக்குள் இரவு பத்து மணிக்கும் 34. வெள்ளைக் கண் பாட்டில் ஒரே தலைமுறையில் ஏழிலிருந்து நூற்றுக்கு மேல் ஏறிவிட்டது. ஐயா சொன்னது முழுக்கச் சரி.

கன்னிப் பெண்களுக்காக நான்கு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தேன். கூட்டிலிருந்து வந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டும் என்பதால், இரவு பாட்டிலைக் காலி செய்துவிட்டுப் படுத்து, காலையில் புதிதாக வந்ததை எடுத்தேன். அம்மா இப்போது திட்டுவதில்லை. எழுப்பிவிடுகிறார்.

மார்கனின் கலப்பைத் திருப்பிப் போட்டேன்: வெள்ளைக் கண் பெண், சிவப்புக் கண் ஆண். பேரன்வரை காத்திருக்காமல் முதல் தலைமுறையிலேயே தெரியும் என்பதால். மகள்கள் எல்லோரும் சிவப்பு, மகன்கள் எல்லோரும் வெள்ளை வர வேண்டும். மகனுக்கு ஒரே எக்ஸ், அது தாயுடையது; மகளுக்குத் தகப்பனின் எக்ஸும் சேரும், சிவப்பு வெள்ளையை மறைத்துவிடும். தகப்பனின் கண் மகளுக்கு, தாயின் கண் மகனுக்கு. எண்ணினேன். சிவப்பு மகள் 83. வெள்ளை மகன் 76. ஐஸ் தட்டில் இரண்டு குவியலாகப் பிரித்தபோது கை நடுங்கியது, உண்மையாகவே.

மூன்றாவதாக ஒன்று. வெள்ளைக் கண் மகள், ஒரே ஒன்று. வால் நுனி கூர்மை, முன்காலில் சீப்பு இல்லை, சந்தேகமில்லாமல் பெண். இது எப்படி? பதிவேட்டில் எழுதவா, விட்டுவிடவா?


பாட்டில் கழுவியவன் | ஜூன் 6, காலை 9.15

விட்டுவிடுவதா? கை வைக்காதீர்கள் அந்த ஈயின்மேல். உயிரோடு இருக்கிறதா?

1916இல் ஜெனடிக்ஸ் என்ற ஆய்விதழ் தொடங்கியபோது முதல் இதழின் முதல் கட்டுரையே இப்படிப்பட்ட மகளைப் பற்றியதுதான். எழுதியவர் பிரிட்ஜஸ், அதே ஈ அறையில் பாட்டில் கழுவ வந்து ஆராய்ச்சியாளர் ஆனவர். (ஆம், அம்மா. நான் கழுவிக்கொண்டே ஓய்வு பெற்றேன்.) சில வேளைகளில் தாயின் இரண்டு எக்ஸும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போய்விடும். அதோடு தகப்பனின் ஒய் சேர்ந்தால் இரண்டு எக்ஸ், ஒரு ஒய். மனிதரில் ஒய் இருந்தால் ஆண், ஈயில் அப்படி இல்லை; இரண்டு எக்ஸ் இருந்தால் பெண்தான். இரண்டும் தாயின் எக்ஸ் என்பதால் வெள்ளைக் கண். மரபணு குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி அன்றைக்கு இல்லை.

ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். இது ஆயிரக்கணக்கில் ஒன்று வருவது. நீங்கள் எண்ணியது நூற்றறுபது. முதலில் உங்களைச் சந்தேகியுங்கள். நான்கு நாளில் ஒருநாளாவது நான்கரைக்கு எழுந்தீர்களா? கன்னி என்று எடுத்த ஒருத்தி அதற்குள் வெள்ளைக் கண் அண்ணனோடு சேர்ந்திருந்தால், பின்னால் வந்த சிவப்பு ஆணின் விந்துதான் பெரும்பாலும் வேலை செய்யும். பழைய விந்தில் மிஞ்சியது ஒன்றிரண்டு வெள்ளை மகளைக் கொடுக்கும். அல்லது அறையில் பறந்த வெள்ளைக் கண் ஈ ஒன்று பஞ்சைத் திறந்தபோது உள்ளே புகுந்திருக்கலாம்.

அவளையே கேட்டுவிடலாம். தனிப் பாட்டிலில் அவளோடு மூன்று சிவப்புக் கண் ஆண்களை விடுங்கள். சாதாரண வெள்ளைக் கண் பெண் என்றால் மகள்கள் ஒருவர் விடாமல் சிவப்பு. இரண்டு எக்ஸ், ஒரு ஒய் என்றால் நூற்றுக்கு நான்கு போல வெள்ளை மகளும் சிவப்பு மகனும் தலைகாட்டும். நூறு, நூற்றைம்பதாவது எண்ண வேண்டும். அதற்கு முன்பு அவள் வேறு ஆண்களோடு இருந்திருந்தால் இந்தச் சோதனையும் கெட்டது. வெள்ளை மகன்களோடு ஒரே பாட்டிலில் எத்தனை நேரம் இருந்தாள்?


வியாசர்பாடிப் பெண் | ஜூன் 9, காலை 5.30

ஐயா, ஒருநாள் நான்கே முக்காலுக்கு எழுந்தேன். ஒப்புக்கொள்கிறேன். அன்று எடுத்த கன்னிகளைத் தனியாகக் குறிக்கவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது.

இவளைப் பார்த்தது ஜூன் 3 காலை. சிறகு சரியாக விரியவில்லை, வயிற்றில் புதிதாக வந்த ஈக்கு இருக்கும் கரும் பொட்டு இருந்தது, அப்போதுதான் கூட்டை விட்டு வந்தவள். பதில் வருமுன்பே தனிப் பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன அன்றே மூன்று ஆரிகான் ஆண்களை விட்டேன். நேற்று மாலை உணவின் மேல்பரப்பு சொரசொரப்பாகியிருந்தது. லென்ஸில் பார்த்தால் புழுக்கள், நான் எண்ணியவரை முப்பத்தொன்று. அவளை இன்று அடுத்த பாட்டிலுக்கு மாற்றுகிறேன், இன்னும் முட்டையிடட்டும்.

முதல் கூடு பதினேழாம் தேதி வாக்கில் திறக்கும். எதிர்வீட்டில் அன்று கல்யாணம், ஃபிரிட்ஜ் முழுக்கப் பூ வைத்துவிடுவார்களாம். அத்தையிடம் ஐஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.